கண் பட்ட மணி பிளான்ட்

இன்று காலை ஹால் ஜன்னலில் படர்ந்திருக்கும் மணி பிளான்ட்டுக்குத் தண்ணீர் ஊற்றும்போது, ஓர் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் வெள்ளையாக என்னவோ தெரிந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பஞ்சைப் பிய்த்து ஒட்டியது போல ஒரு பொட்டு. மாவுப்பூச்சி. வீட்டுக்குள் செடி வளர்க்கிறவர்கள் யாராக இருந்தாலும் அதைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். நான் சிரித்தேன். சத்தமாகவே சிரித்துவிட்டேன் போலிருக்கிறது, உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் எழுந்து வந்து என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். பூச்சி விழுந்ததற்கு ஒருத்தி ஏன் சந்தோஷப்பட வேண்டும் என்று கேட்டால், கிளினிக்கில் என்னோடு நர்ஸாக இருந்த சிஸ்டரைப் பற்றி நான் சொல்ல வேண்டும். சிஸ்டரைப் பற்றிச் சொல்வதென்றால் என் வயிற்றெரிச்சலையும் சொல்லியாக வேண்டும். ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றைச் சொல்ல எனக்கு வராது.

ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியை ஒட்டிய ஒரு சந்தில் டாக்டரம்மா குழந்தைகளுக்கான கிளினிக் வைத்திருந்தார். ஜீயபுரத்திலிருந்து கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்த புதிதில், பிளஸ் டூ படித்திருக்கிறேன் என்ற ஒரே தகுதியோடு நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். டோக்கன் கொடுப்பது, பெயர் சொல்லிக் கூப்பிடுவது, பிள்ளையைத் தட்டில் கிடத்தி எடை பார்ப்பது, வாந்தி எடுத்தால் துடைப்பது, போனில் "டாக்டர் ஆறு மணிக்குத்தான் வருவாங்க" என்று சொன்னதையே சொல்வது, எல்லாம் நான்தான். டாக்டரம்மா அடிக்கடி, "நீ இல்லேன்னா எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரிம்மா" என்பார். அந்த ஒரு பேச்சுக்காகவே காய்ச்சலோடு வேலைக்குப் போன நாட்கள் உண்டு. பிறகு கூட்டம் ஏறியது. ஊசி போட, கட்டுப் போட ஆள் வேண்டுமென்று சிஸ்டரைச் சேர்த்தார்கள். அவர் வந்து சில மாதம் ஆகியிருக்கும், டாக்டரம்மா தன் அறையில் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தது வெளியே கேட்டது. "எங்க சிஸ்டர் இல்லேன்னா எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி." என்னுடைய வாக்கியம். ஒரு வார்த்தை மாறாமல் அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டார். அன்றைக்குப் பற்றிக்கொண்டதுதான் அந்த எரிச்சல்.

சிஸ்டர் என்னைவிடச் சின்னவர். நல்ல உயரம், மெல்லிய குரல், அவசரமே தெரியாத நடை. என்னை "அக்கா" என்றுதான் கூப்பிடுவார். அதையும் மரியாதையாகச் சொல்கிறாரா, வயதைச் சுட்டிக் காட்டுகிறாரா என்று அந்தக் காலத்தில் யோசித்திருக்கிறேன். அவர் வரும்போது ஒரு மருந்து பாட்டிலில் மணி பிளான்ட் கொம்பு ஒன்றைக் கொண்டுவந்தார். ஊசி போடும் அறையின் ஜன்னலோரம் வைத்தார். அது வேர் விட்டதும் தொட்டிக்கு மாற்றி, பேண்டேஜ் துணியைக் கிழித்து நாடாவாக்கி, ஜன்னல் கம்பியில் கட்டி ஏற்றிவிட்டார். ஒரே மழைக்காலத்தில் ஜன்னலைத் தாண்டிச் சுவரைப் பிடித்துவிட்டது. வருகிறவர்கள் எல்லாம் அதிசயப்பட்டார்கள். "அந்த ஜன்னல்ல வெளிச்சம் நல்லா விழுதுங்க, யார் வச்சாலும் வரும்" என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய் இல்லை, வெளிச்சம் விழத்தான் செய்தது. ஆனால் நான் சொன்னது வெளிச்சத்தைப் பற்றி இல்லை என்று எனக்கே தெரியும்.

அந்தச் செடியை வைத்து அவர் ஒரு வித்தை செய்வார். ஊசி போட வரும் பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டு, "மேல பாருங்க தம்பி, அந்த இலை இருக்குல்ல, அது உங்களோட இலை. எப்ப வருவீங்கன்னு காலைலேருந்து பாத்துக்கிட்டே இருக்கு" என்பார். பிள்ளை அண்ணாந்து பார்க்கும். அது இலையைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் ஊசி போட்டு முடிந்திருக்கும். அழுகை வரும், ஆனால் பாதி ஆச்சரியத்தோடு வரும். அடுத்த தடவை வந்தால் பிள்ளை முதலில் கேட்பது அதன் இலையைத்தான். பிள்ளைகளைவிட அம்மாக்களுக்குத்தான் இது பிடித்துப்போனது. சும்மா சளி மருந்து வாங்க வந்தவர்கள்கூட உள்ளே போய் "எங்க பாப்பா இலை எப்படி இருக்கு" என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவார்கள். கொடியில் இருக்கிற இலைகளைவிட கிளினிக்குக்கு வருகிற பிள்ளைகள் அதிகம் என்பதை யாரும் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். ஒரே இலையை மூன்று பிள்ளைகளுக்குச் சிஸ்டர் பட்டா போட்டுக் கொடுத்திருந்தது எனக்குத் தெரியும். என்றைக்காவது அந்த மூன்று அம்மாக்களும் ஒரே நேரத்தில் வந்து நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறேன். வரவே இல்லை. அவருக்கு அப்படி ஒரு அதிர்ஷ்டம்.

ஊசி முடிந்து வெளியே வரும் பிள்ளைக்கு என் மேஜையிலிருந்து ஆரஞ்சு மிட்டாய் கொடுப்பது என் வழக்கம். என் கைக்காசில் வாங்கி வைத்திருந்த டப்பா அது. பிள்ளை மிட்டாயை வாங்கிக்கொள்ளும், ஆனால் முகம் அந்த அறைப் பக்கமே திரும்பியிருக்கும். நானும் ஒரு குரோட்டன்ஸ் தொட்டி வாங்கி என் மேஜையில் வைத்துப் பார்த்தேன். டாக்டரம்மா வந்தார், பார்த்தார், "இதைக் கொஞ்சம் தள்ளி வைம்மா, வர்றவங்க முகம் உனக்குத் தெரியாம போயிடும்" என்றார். அதோடு அது பின்கட்டுக்குப் போனது. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் குழந்தை இல்லை. சிஸ்டருக்கு இரண்டு. காலையிலிருந்து ராத்திரி வரை ஊர்ப் பிள்ளைகளின் பெயரைக் கூப்பிடுகிறவளுக்கு, ஒன்றாவது நம்மைத் தேடி ஓடிவராதா என்று இருக்கும். எல்லாம் அவரைத் தேடித்தான் ஓடின. பொறாமை என்றால் பொறாமைதான், வேறு நல்ல பெயர் எதுவும் அதற்கு நான் தேடவில்லை.

அந்த வருஷம் சித்திரைத் தேர் சமயத்தில் வெயில் ரொம்பக் கடுமை. ஃபேன் போட்டால் அடுப்புப் பக்கம் நிற்பது போலக் காற்று. முதலில் கொடியின் அடி இலைகள் இரண்டு மஞ்சளாயின. பிறகு நடுவில் சில சுருங்கின. இலையைத் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. ஜன்னல் கம்பியில் எறும்புகள் சாரை சாரையாக ஏறி இறங்கின. பக்கத்து மேலூரிலிருந்து வரும் ஒரு அம்மாவின் பையனுக்கு அப்போது விடாத காய்ச்சல். பையனின் இலை பழுத்திருப்பதைப் பார்த்ததும் அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. "சிஸ்டர், எம்புள்ள இலை பழுத்துப் போயிருக்கு. எனக்கு என்னமோ பயமா இருக்கு" என்று அழுதாள். சிஸ்டர் என்ன சொல்லியும் கேட்கவில்லை. விளையாட்டுக்குச் சொன்னதை ஊர் நிஜமாகவே எடுத்துக்கொண்டிருந்தது. அடுத்த நாளிலிருந்து அம்மாக்கள் தங்கள் பிள்ளையின் இலைக்குக் கண் மை வைக்க ஆரம்பித்தார்கள். பிள்ளை கன்னத்தில் வைக்கிற திருஷ்டிப் பொட்டு மாதிரியே, இலைக்கு இலை ஒரு கறுப்புப் பொட்டு. ஒருத்தி தண்டில் கறுப்புக் கயிறு கட்டினாள். கோயில் தீர்த்தத்தைக் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றினவர்களும் உண்டு.

திருஷ்டி என்று வந்துவிட்டால், யார் கண் என்ற கேள்வி தானாக வரும். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று சொல்லியே வளர்ந்தவர்கள் எல்லோரும். கிளினிக்கில் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிற கண் யாருடையது? பிள்ளையில்லாத கண் யாருடையது? ஒரு பெண்ணுக்குக் குழந்தை இல்லையென்றால் ஊர் அவள் கண்ணுக்குத் தனியாக ஒரு சக்தியைக் கொடுத்துவிடும். வாய்விட்டு யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த மேலூர்ப் பெண், பையனின் தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு என் மேஜையைத் தாண்டும்போது, துண்டை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடினாள். அதைப் பார்த்து இன்னொருத்தி மூடினாள். எடை பார்க்கக் குழந்தையை என் கையில் கொடுக்காமல் தாங்களே தட்டில் கிடத்தினார்கள். நான் பெயரைக் கூப்பிட்டால் "என்ன சத்தமா கூப்பிடறாங்க" என்று முணுமுணுப்பு. இது இப்படியே போனால் டாக்டரம்மாவே ஒரு நாள் கூப்பிட்டு, தப்பா நெனச்சுக்காதம்மா என்று ஆரம்பிப்பார் என்று தெரிந்தது. வேலை போனால் வேறு வேலை. ஆனால் "பிள்ளைங்க மேல கண்ணு வச்சவ" என்ற பெயரோடு இந்த நாலு வீதியில் நான் எங்கே போய் நிற்பது? இதில் வேடிக்கை, எனக்கே உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. அந்தக் கொடியை நான் பார்த்த பார்வைகள் எனக்குத்தானே தெரியும்.

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது போலச் சிஸ்டர் ஒரு நாள் வந்து, ரொம்ப மெல்லிய குரலில், "அக்கா, கோவிச்சுக்காதீங்க. உங்க மிட்டாய் டப்பாதான் எறும்பைக் கூட்டிக்கிட்டு வருதோன்னு தோணுது" என்றார். கண்ணும் என்னுடையது, எறும்பும் என்னுடையது! அன்றைக்கே டப்பாவை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டேன். மேஜையை ஈரத்துணியால் துடைத்தேன். மறுநாளும் எறும்பு வந்தது. என் மேஜைப் பக்கம் ஒன்றுகூடத் திரும்பவில்லை, நேராகக் கொடிக்குத்தான் போனது. மதியம் கிளினிக் காலியாக இருந்தபோது ஸ்டூலைப் போட்டு ஏறி, எறும்பு எங்கே போகிறதென்று கூடவே கண்ணை ஓட்டினேன். இலைகளின் அடியில், காம்பு இடுக்கில், வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு. அதைச் சுற்றித்தான் எறும்புகள் மொய்த்தன. எங்கள் ஊரில் பப்பாளியிலும் செம்பருத்தியிலும் பார்த்திருக்கிறேன். மாவுப்பூச்சி சாற்றை உறிஞ்சிவிட்டுத் தேன் மாதிரி ஒரு பிசினைக் கழிக்கும், எறும்பு அதற்காக வரும். பக்கத்திலேயே இருந்தது காரணமும். ஒரு அம்மா தன் மகனுக்குக் காய்ச்சல் குணமான சந்தோஷத்தில் சிஸ்டருக்கு நர்சரியிலிருந்து ஒரு செம்பருத்தித் தொட்டி வாங்கித் தந்திருந்தாள். அதை நாலு நாள் தனியாக வைத்துப் பார்க்காமல், சிஸ்டர் ஆசையாக மணி பிளான்ட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். அதன் தண்டெல்லாம் வெள்ளை. பாராட்டாக வந்த தொட்டியில்தான் பூச்சியும் வந்திருந்தது. ஸ்டூல் மேல் நின்றபடி நான் அடைந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல!

சிஸ்டரையும் டாக்டரம்மாவையும் கையைப் பிடிக்காத குறையாக இழுத்து வந்து காட்டினேன். சிஸ்டர் பதற்றத்தில், நர்ஸ் புத்தி எதைச் செய்யுமோ அதைச் செய்தார். புண் கழுவுகிற கிருமிநாசினி லோஷனைத் தண்ணீரில் கலந்து மாலையில் கொடி முழுக்க அடித்துவிட்டார். காலையில் வந்து பார்த்தால் இளம் இலைகள் எல்லாம் விளிம்பில் கருகியிருந்தன. பூச்சி சௌக்கியமாக இருந்தது. மேலூர்ப் பையனின் இலை கீழே விழுந்து கிடந்தது. அவன் அம்மா வந்து பார்ப்பதற்குள் சிஸ்டர் அதை எடுத்துத் தன் கோட்டுப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன்.

என் பங்குக்கு நானும் ஒரு காரியம் செய்தேன். ஜீயபுரத்தில் அண்ணனுக்கு வாழைத்தோப்பு. அவனிடம் சொன்னதும், "இதுக்கா இவ்ளோ யோசிக்கிற, ஒரு மூடி ஊத்தி அடிச்சா சாயங்காலமே சுத்தம்" என்று ஒரு பூச்சிமருந்து பாட்டிலைக் கொடுத்துவிட்டான். பையில் போட்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, அதைக் கிளினிக்குக்குக் கொண்டுவந்துவிட்டேன். டாக்டரம்மா மூடியைத் திறக்கக்கூட விடவில்லை. "பச்சக் குழந்தைங்க மூச்சு விடற ரூம்மா இது. முதல்ல இதை வெளில கொண்டு போ" என்று கத்தினார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து, கேஸ் பார்க்கிற மாதிரியே பேசினார். "மூக்கடைப்புன்னு வர்ற குழந்தைக்கு எடுத்த எடுப்பிலேயே ஸ்ட்ராங்கா எழுதறேனா? உப்புத்தண்ணி சொட்டு விடுங்க, ரெண்டு நாள் பாருங்கன்னுதானே சொல்றேன். இதுக்கும் அதேதான். எது கம்மியா வலிக்குமோ அதுலேருந்து ஆரம்பிங்க. அடிபட்ட இலையை வெட்டி எறிஞ்சிடுங்க, பாதி பூச்சி அதோட போயிடும்." சிஸ்டர் தலையை ஆட்டினார். "வெட்ட முடியாதுங்க டாக்டர். ஒவ்வொண்ணுக்கும் ஒரு அம்மா இருக்காங்க." வெட்டவும் கூடாது, விஷமும் கூடாது. ஸ்பிரிட்டில் நனைத்துத் தொட்டு எடுக்கலாமா என்று சிஸ்டர் கேட்டார். அந்த வாசனை வந்தாலே ஊசி என்று பிள்ளைகள் வாசலிலேயே வீறிடும் என்று நான் சொன்னேன். அதுவும் போயிற்று. மிச்சம் இருந்தது தண்ணீர், குழந்தைகளைக் குளிப்பாட்டுகிற சோப்பு, பஞ்சு, எங்கள் நாலு கை.

முதலில் செம்பருத்தித் தொட்டியைப் பின்கட்டுக்குக் கடத்தினோம். சோப்பைச் சீவி, வெதுவெதுப்பான தண்ணீரில் லேசாக நுரை வருமளவுக்குக் கரைத்தோம். லோஷனில் சூடுபட்ட பூனைகள் ஆகியிருந்ததால், ஓர் இலையில் தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் மற்றதில் கை வைப்பது என்று முடிவு. எந்த இலையில்? "யாருக்கும் கொடுக்காத இலை இருந்தா சொல்லுங்க" என்றேன், கொஞ்சம் குத்தலாகத்தான். சிஸ்டர் ஜன்னலுக்கு மேலே, நல்ல வெளிச்சத்தில் இருந்த அகலமான ஓர் இலையைக் காட்டினார். "இதுல பண்ணிப் பாருங்கக்கா. இது எந்தப் புள்ளைக்கும் இல்ல. இது உங்களுது. நான் வந்த புதுசுலயே எடுத்து வச்சிட்டேன்." நான் பஞ்சும் கையுமாக நின்றேன். ஊரில் உள்ள பிள்ளைக்கெல்லாம் கேட்காமலே இலை கொடுத்தவர், எனக்குக் கொடுத்ததை இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்து, கருகுமா கருகாதா என்று சோதித்துப் பார்க்கிற நாளில் எடுத்துச் சொல்கிறார். அது அன்பா, சாமர்த்தியமா? இன்றைக்கு வரை எனக்கு விளங்கவில்லை. அந்த இரண்டு நாளும் வேலைக்கு வந்ததும் முதலில் என் இலையைத்தான் போய்ப் பார்த்தேன். அம்மாக்கள் ஏன் அப்படித் தவித்தார்கள் என்பது எனக்கும் கொஞ்சம் புரிந்தது. இலை கருகவில்லை.

பிறகு ஆரம்பித்தது வேலை. மதியம் கிளினிக் மூடியிருக்கும் நேரத்தில் சிஸ்டர் ஸ்டூல் மேல், நான் கீழே. இலையை உள்ளங்கையில் ஏந்தி, பஞ்சை நனைத்து, மேல் பக்கம், அடிப்பக்கம், காம்பு இடுக்கு, பிறகு வெறும் தண்ணீரில் ஒரு துடைப்பு. இடுக்கில் பஞ்சு போகாத இடத்துக்குக் காது குடையும் குச்சி. பூச்சியோடு அம்மாக்கள் வைத்த மைப் பொட்டும் அழிந்தது. அதற்கு ஒருத்தி வந்து சண்டை போட்டாள். "பொட்டை யாரைக் கேட்டு அழிச்சீங்க?" என்று அவள் என்னைப் பார்த்துக் கேட்டபோது, ஸ்டூல் மேலிருந்து சிஸ்டர், "நான்தாங்க அழிச்சேன்" என்றார். அழித்தது நான். ஒரு தடவை துடைத்தால் போதாது, முட்டை பொரிந்து வாரத்துக்குள் மறுபடி வெள்ளை தெரியும். மறுபடி துடைத்தோம். அதற்கும் அடங்காத இடங்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் கொஞ்சம் வேப்பெண்ணெய் கலந்து தடவினோம், திங்கள் காலைக்குள் வாடை போகட்டும் என்று. அந்த வாரங்களில் நாங்கள் இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொண்டதாக ஞாபகம் இல்லை. அவர் எப்படி இலையைப் பிடிக்கிறார் என்று மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிள்ளையின் கையைப் பிடிக்கிற மாதிரியே பிடித்தார். பார்த்துப் பார்த்து நானும் அப்படியே பிடித்தேன். அதிலும் அவர் வேகமாக முடித்துவிடுவார், எனக்கு அது பொறுக்காது.

ஆடிக் காற்று அடிக்கும்போது கொடி தலையெடுத்துவிட்டது. எறும்பு நின்றது. நுனியில் சுருட்டிய புது இலை ஒன்று வந்து, மறுநாள் விரிந்தது. மேலூர்ப் பையனும் காய்ச்சல் விட்டுச் சதை பிடித்து வந்தான். சிஸ்டர் அந்தப் புது இலையைக் காட்டி, "பழசு உதிர்ந்தாத்தானே தம்பி புதுசு வரும்" என்றார். அவன் அம்மா சிரித்தாள். திரும்பிப் போகும்போது என் மேஜை அருகில் நின்று, துண்டை மூடாமல், தங்கச்சியை என் பக்கம் நீட்டி, "எடை பாத்துருங்கக்கா" என்றாள். மன்னிப்பெல்லாம் யாரும் கேட்கவில்லை. அந்தக் குழந்தையின் எடையைத் தேவையில்லாமல் இரண்டு தடவை பார்த்தேன். அன்று மாலை டாக்டரம்மா ஊசி போடும் அறைக்குள் வந்து, இடுப்பில் கை வைத்துக் கொடியை அண்ணாந்து பார்த்தார். நான் பின்னாலேயே நின்றேன். சொல்லப்போகிறார், இப்போது சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். "என்ன சொல்லு, சிஸ்டர் கைராசியே கைராசி" என்றார். சோப்பில் ஊறி ஊறி என் விரல் நுனி எல்லாம் வெடித்திருந்தது. சிஸ்டர், "அக்காதான் எல்லாம் பண்ணாங்க டாக்டர்" என்றார். "அது சரி" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா போய்விட்டார். சிஸ்டர் எடுத்துச் சொன்னது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. நல்லவளாக இருப்பதிலும் அவரேதான் முந்திக்கொள்ள வேண்டுமா?

சில வருஷங்களில் சிஸ்டரின் கணவருக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, அவர்கள் கைலாசபுரம் குவார்ட்டர்ஸுக்குக் குடிபோனார்கள். சிஸ்டர் வேலையை விட்டார். டாக்டரம்மாவும் வயதாகிக் கிளினிக்கை மூடிவிட்டு மகனோடு போனார். மூடுகிற அன்று நான் கொடியில் இரண்டு கொம்பு வெட்டினேன். ஒன்றைச் சிஸ்டருக்குக் கொடுத்தனுப்பினேன், ஒன்று எனக்கு. எனக்கென்று வெட்டிய கொம்பில் என் இலை இருந்தது. அதைப் பார்த்துத்தான் வெட்டினேன். இன்றைக்கு அது எங்கள் ஃபிளாட்டின் ஹாலைப் பாதிச் சுற்றி வந்துவிட்டது. அந்தப் பழைய இலை எப்போதோ உதிர்ந்துபோயிற்று, புதிது ஒவ்வொன்றும் விரித்த கை அகலம்.

போன வாரம் சிஸ்டர் ஸ்ரீரங்கம் பெரிய கோயிலுக்கு மகளோடு வந்தவர், விலாசம் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். தலை நரைத்து, கொஞ்சம் கூன் விழுந்திருந்தது. குரல் மட்டும் அதே குரல். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. ஜன்னலோரம் போய் நின்றார்.

"இது அந்தக் கொடிதானேக்கா?"

"அதேதான்."

"எங்க வீட்டுல தரிக்கல. குவார்ட்டர்ஸுல ரெண்டு தடவ வச்சுப் பாத்தேன். போயிருச்சு."

கொடியின் அடியிலிருந்து நுனி வரை கண்ணை ஓட்டினார். ஓர் இலையைப் பிடித்து உள்ளங்கையில் ஏந்தினார், அதே பிடி. முகத்தில் சிரிப்பு இல்லை. உதட்டை லேசாக உள்ளே மடித்திருந்தார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். வருஷக்கணக்கில் நான் வைத்திருந்த முகம் அது. காபியை நீட்டிக்கொண்டு நான் நிற்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் இலையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு இந்த ஜன்னல்ல வெளிச்சம் நல்லா விழுதுக்கா" என்றார். "யார் வச்சாலும் வரும்." ஒரு கொம்பு வெட்டித் தரட்டுமா என்று கேட்டேன். "இன்னொரு நாளைக்கு வாங்கிக்கிறேங்க்கா" என்று சொல்லிவிட்டு, காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

வீட்டுக்காரரிடம் இப்போது பூச்சியைக் காட்டினேன். மலைக்கோட்டை அடிவாரத்து ஜவுளிக் கடையில் ஆயுசுக்கும் துணி கிழித்துப் போட்ட மனுஷர், பட்டென்று ஒரு முடிவுக்கு வந்துவிடுவார். "எவ கண்ணோ பட்டிருக்கு. போன வாரம் யார் வந்தா?" என்றார். பூச்சி எப்படி வரும் என்று எனக்குத் தெரியாதா? பத்து நாளைக்கு முன்னால் நர்சரியிலிருந்து ஒரு புதுத் தொட்டி வாங்கிவந்து, தனியாக வைக்காமல், அழகாக இருக்கிறதே என்று இந்த ஜன்னலிலேயே வைத்தவள் நான்தான். காரணம் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. தெரியும். ஆனால் அந்தக் காரணம் எனக்கு வேண்டாம். இத்தனை வருஷத்தில் என்னுடைய எதையும் பார்த்து யாரும் பொறாமைப்பட்டதில்லை. பட்டது சிஸ்டர். அதுவும் அன்றைக்குக் கிளினிக்கில் நான் சொன்ன அதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு.

சோப்பைச் சீவி வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துவிட்டேன். பஞ்சும் எடுத்து வைத்தாயிற்று. புதுத் தொட்டியைப் பால்கனிக்குத் தள்ளிவிட்டேன். காலையிலிருந்து ஒவ்வொரு இலையாக உள்ளங்கையில் ஏந்தி, மேலும் கீழும் இடுக்கும் துடைத்து வருகிறேன். சிஸ்டர் கையில் ஏந்திப் பார்த்த இலை ஒன்றுதான் பாக்கி. அதன் காம்படியில்தான் அந்த வெள்ளைப் பொட்டு இருக்கிறது. விட்டால் பரவும், எனக்குத் தெரியும். நாளைக்குத் துடைத்துவிடுவேன். இன்றைக்கு ஒரு நாள் இருக்கட்டும்.